நோயின் பெயர்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொண்டைப் புற்றுநோயாளர் இருவர்

புற்றுநோயின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் வைத்தியத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். 1846இல் ஈதர் மயக்கம், 1895இல் எக்ஸ் கதிர், 1898இல் றேடியம் என அவ்வரலாறு கண்டுபிடிப்புக்களின் வரிசையாக அமைந்துவிடுகின்றது. நோயாளி தன் நோயின் பெயரை முதன்முதலாக அறிந்துகொள்ளும் வேளைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது அத்துணை கவனிக்கப்படவில்லை. அதனை யார் சொன்னார், யாரிடம் முதலிற் சொன்னார், எச்சொல்லாற் சொன்னார், கேட்டவர் எஞ்சிய நாட்களை என்ன செய்தார் என்னும் வினாக்கள் வைத்திய நூல்களில் அடிக்குறிப்பாகவேனும் இடம்பெறுவது அரிது. சாதாரண மக்களைப் பொறுத்தவரையில் இவ்வினாக்களுக்கு விடை கூறும் ஆவணங்களும் கிடைப்பதில்லை. பெரும் பதவி வகித்தோர் சிலர் விடயத்தில் மட்டும் அவை ஏராளமாக உள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாட் சனாதிபதி யூலிசீஸ் கிறாண்ட், ஜேர்மனியின் முடிக்குரிய இளவரசராயிருந்து பேரரசரான மூன்றாம் பிரடெரிக் ஆகிய இருவரும் மூன்றாண்டு இடைவெளியில் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒரே நோய்க்கு ஆளாயினர். இருவரும் போர்க்களத்திற் புகழ்பெற்றவர்கள். இருவரும் இறுதியிற் குரலை இழந்து கடதாசித் துண்டுகளில் எழுதியே பேசினர். எனினும் நோய் பற்றிய செய்தி இவர்களை வந்தடைந்த விதம் வேறு. அதனால் விளைந்தவையும் வேறு.

அக்காலத்தில் வைத்தியர் எவரும் எளிதில் உச்சரிக்கத் துணியாத சொல்லாகவே புற்றுநோய் என்பது இருந்தது. கிரேக்கர் நண்டின் பெயரையும் தமிழர் கறையான் புற்றின் பெயரையும் இந்நோய்க்கு இட்டனர். பற்றிக்கொண்டு விடாத ஒன்று, உள்ளிருந்தே அரித்து எழும்பும் ஒன்று என்ற அச்சமே இரு பெயர்களிலும் தொனிக்கின்றது. 1803இல் மஞ்செஸ்ரர் வைத்தியர் தோமஸ் பேர்சிவல் வெளியிட்ட வைத்திய ஒழுக்கவியல் நூல், துயர்தரும் முன்னறிவிப்புக்களை நோயாளியிடம் கூறுவதைத் தவிர்த்து வேண்டியபோது அவரது சுற்றத்தாரிடம் கூறுமாறு வைத்தியருக்கு அறிவுரை வழங்கிற்று. 1847இல் அமெரிக்க வைத்தியச் சங்கம் இயற்றிய ஒழுக்கக்கோவையும் இக்கருத்தையே பெரிதும் தழுவியது. நோயாளியின் நம்பிக்கையைக் காப்பதும் வைத்தியரின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. அந்நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்பது இரண்டாம் பட்சமாயிற்று.

கிறாண்டின் கதை பணத்தோடு தொடங்குகின்றது. இரு தடவை சனாதிபதியாயிருந்து 1877இற் பதவி நீங்கிய அவர், நியூயோர்க்கில் தம் மகனும் பேர்டினண்ட் வார்ட் என்பவரும் நடத்திய நிதி நிறுவனத்தில் தமது சேமிப்பு முழுவதையும் இட்டிருந்தார். வார்ட் செய்த மோசடியால் 1884 மே 6இல் அந்நிறுவனம் வீழ்ந்தது. வீழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னர், வார்ட்டின் சொல்லை நம்பி, செல்வந்தர் வன்டர்பில்ற்றிடம் ஒன்றரை இலட்சம் டொலர் கடனும் வாங்கியிருந்தார். முன்னாட் சனாதிபதிகளுக்கு அந்நாளில் ஓய்வூதியம் இருக்கவில்லை. அது 1958இலேயே சட்டமாயிற்று. சனாதிபதிப் பதவிக்காக இராணுவ நிலையைத் துறந்தமையால் அந்த ஓய்வூதியமும் அவருக்கு இல்லை. அறுபத்திரண்டாம் வயதில் அவர் வறியவராய் நின்றார்.

அக்கோடையில் நியூஜேர்சிக் கரையோரமான லோங் பிறாஞ்சில் தங்கியிருந்தபோது, பீச் பழமொன்றைத் தின்கையில் தொண்டையிற் கடும் நோவு தோன்றிற்று. பழத்திலிருந்த பூச்சி கொட்டியதாக அவர் எண்ணினார். அயலிலிருந்த பிலடெல்பியா வைத்தியர் ஒருவர் பார்த்துவிட்டு, குடும்ப வைத்தியர் பார்க்கரிடம் விரைவிற் காட்டுமாறு வற்புறுத்தினார். பார்க்கர் ஐரோப்பாவில் இருந்தமையாற் கிறாண்ட் வாளாவிருந்துவிட்டார். ஒக்ரோபர் 22ஆந் திகதியே தொண்டை நோய் நிபுணர் ஜோன் ஹன்கொக் டக்ளஸ் அவரைச் சோதித்தார். நாவின் அடியிலும் மென்னண்ணத்தின் அருகிலும் நோய் பரவியிருந்தது. இது புற்றுநோயா என்று கிறாண்ட் நேரடியாகவே வினவினார். நோய் பாரதூரமானது, மேலணி இழையத்தைச் சார்ந்தது, சில வேளைகளிற் குணமாகவுங் கூடியது என்பதாக டக்ளஸ் விடையிறுத்தார். கேட்கப்பட்ட சொல் மட்டும் விடையில் இல்லை. ஆயினும் அதிற் பொய் யாதும் இல்லை என்பது கவனிக்கற்பாலது. பேர்சிவலின் அறிவுரைக்கும் நோயாளியின் நேரடி வினாவுக்கும் இடையிலே தாம் நிற்க ஓர் ஒடுங்கிய இடத்தை அவ்வைத்தியர் தேடிக்கொண்டார். கிறாண்டோ சொல்லப்படாத சொல்லையும் சேர்த்தே விளங்கிக்கொண்டார்.

இதனைத் தொடர்ந்து அவர் உடனே வீறுகொண்டெழுந்தார் என்று சில சரித நூல்கள் எழுதுவது முற்றும் பொருந்தாது. வீட்டில் அவர் நோயை விரித்துரைக்கவில்லை; மனைவி யூலியா வைத்தியரிடமே கேட்டறிய வேண்டியதாயிற்று. டிராம் வண்டியிற் சென்று மருந்து பூசுவித்துத் திரும்புவார். அக்குளிர்காலத்தில் நோவு கடுமையாகி, நீர் பருகுவதும் உருகிய ஈயத்தை விழுங்குவது போலிருந்தது. கைகளைக் கோத்தவாறு வெறுஞ் சுவரை நோக்கி மணிக்கணக்காக அவர் அமர்ந்திருந்ததை உடனிருந்த உதவியாளர் அடம் பாடோ பதிவு செய்துள்ளார். அவர் அஞ்சியது சாவுக்கன்று, மனைவியை வறுமையில் விட்டுச்செல்வதற்கே எனக் கூறுவோர் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது அருகிலிருந்தோர்க்கும் எளிதாயிருந்திராது.

அவரை அச்சுவரிலிருந்து திருப்பியது எழுத்து வேலையாகும். கடன் தொல்லையால் ‘செஞ்சரி’ சஞ்சிகைக்கு உள்நாட்டு யுத்தச் சமர்கள் பற்றிக் கட்டுரையொன்றுக்கு ஐந்நூறு டொலர் வீதம் எழுத அவர் ஏற்கெனவே இசைந்திருந்தார். முதற் கட்டுரை இராணுவ அறிக்கை போல வரண்டிருந்தது. பதிப்பாசிரியர் வந்து பேச்சுக்கொடுத்தபோது, சமரின் முதல்நாள் இரவு மழையில் தாம் பட்ட பாடு முதலியவற்றைக் கிறாண்ட் வாய்மொழியாகச் சொன்னார். அவற்றையே எழுதவேண்டும் என்று கூறப்பட்டதும் அவருக்கு எழுத்தின் இரகசியம் பிடிபட்டது. நோய் உறுதியானபின் இக்கட்டுரை வேலை தன்வரலாறாக விரிந்தது. செஞ்சரி நிறுவனத்தார் வழக்கமான பத்து வீத உரிமைத்தொகையே தர முன்வந்தனர். அதனை அறிந்த எழுத்தாளர் மார்க் ருவெயின், தமது பதிப்பகத்தின் மூலம் தேறிய இலாபத்தில் எழுபது வீதம் தருவதாகக் கூறினார். 1885 பெப்ரவரி 27இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அதே மாதத்தில் தொண்டையிலிருந்து எடுத்த இழையத் துண்டு நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயப்பட்டு ஐயம் நீங்கிற்று. சத்திரசிகிச்சையால் வேதனை கூடுமேயன்றி ஆயுள் கூடாது என வைத்தியர்கள் முடிவு செய்தனர். மார்ச் முதலாந் திகதி நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அவர் கல்லறையை நோக்கிச் சரிந்துகொண்டிருப்பதாகத் தலைப்பிட்டு எழுதிற்று. அன்று தொடக்கம் அறுபத்தாறாந் தெருவில் அவர் வீட்டின் முன்னே நிருபர்கள் காத்துக்கிடந்தனர். ஆயினும் ஊர் அறியுமுன்னர் நான்கு மாதம் அச்செய்தி அவருடையதாக இருந்தது. அந்நான்கு மாதத்திலேயே என்ன எழுதுவது, யாரிடம் அச்சிடக் கொடுப்பது, வருவாய் யாரைச் சேர்வது என்பன பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிட்டன. மார்ச் 4இற் காங்கிரஸ் அவருக்கு இராணுவத் தளபதி நிலையை மீள வழங்கியதால் ஓய்வூதியமும் கிடைத்தது.

நோவைத் தணிக்க 1884இலேதான் மரக்கச் செய்யும் மருந்தாக அறியப்பட்ட கொக்கெயின் கரைசல் தொண்டையிற் பூசப்பட்டது. உறங்க மோர்பின் கொடுக்கப்பட்டது. மோர்பின் அறிவை மங்கச் செய்ததால், எழுதவேண்டிய பொழுதுகளில் அதனைக் குறைத்துக்கொள்ள அவர் முயன்றார். ஏப்ரில் முற்பகுதியில் இறந்துவிடுவார் என எல்லோரும் எதிர்பார்த்த இரவொன்று கழிந்து, குருதிப் பெருக்கோடு பழுதுற்ற இழையம் வெளியேறியபின், எதிர்பாராது தேறி மீண்டும் எழுதலானார். தன்வரலாற்றை உண்மையில் எழுதுபவர் பாடோவே எனப் பத்திரிகையொன்று வெளியிட்ட செய்தி அவரைக் கொதிக்கச் செய்தது. எழுத்து முழுவதும் தமதே என அவர் மறுப்பு விடுத்தார். சிறிது காலத்திற் பாடோவின் உறவும் முறிந்தது. சாவுப் படுக்கையிலும் மனிதர் தம் பெயரைக் குறித்துச் சினங்கொள்வர் என்பதற்கு இது சான்று. அச்சினம் அவருக்கு நன்மையே செய்ததென்றும் கூறலாம்.

யூன் 16இல் நகர வெப்பத்தை விட்டு மவுண்ட் மக்கிரெகர் என்னும் மலைக் குடிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். குரல் ஏறத்தாழ முற்றாக அடங்கிவிட்டது. டக்ளசுக்கு அவர் எழுதிய கடதாசித் துண்டுகள் எஞ்சியுள்ளன. இக்கட்டுரைப் பொருளுக்கு அவையே மிகச் சிறந்த ஆவணங்கள். அவற்றுள் ஒன்றில், தம் உடல் அழிவுக்கு மூன்று வழிகளில் ஆயத்தமாகின்றது என்று குருதிப்பெருக்கு, மூச்சடைப்பு, களைப்பு ஆகியவற்றை ஒரு தளபதி எதிரியின் பாதைகளைக் கணிப்பது போல எண்ணிக் காட்டுகின்றார். புதிய நிபுணர்களை மேலும் அழைத்துத் தம்மை வருத்தவேண்டாம் எனவும் அதில் வேண்டுகின்றார். பிறிதொன்றிலே தம்மைத் தன்மையிடப் பெயராகவன்றி வினைச்சொல்லாகவே கருதுவதாக எழுதி, இருத்தல், செய்தல், துன்புறல் என்னும் வினையின் பொருள் மூன்றும் தம்மிடம் உண்டு என விளையாட்டாய்ச் சொல்கின்றார். 1862இல் டொனெல்சன் கோட்டையிற் சரணடைந்த தென்னகத் தளபதி பக்னர் யூலையில் வந்து அவரைக் கண்டு சென்றார். அதே கோட்டை வெற்றியின்போது அவர் சுருட்டும் கையுமாக இருந்ததைப் பத்திரிகைகள் எழுதியதால், மக்கள் ஆயிரக்கணக்கிற் சுருட்டுக்களை அன்பளிப்பாக அனுப்பினர். அவர் சுருட்டை விடாது புகைப்பவரானது அதன்பின்னரே என்பர். புகைத்தலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1950இலேதான் புள்ளிவிவரங்களால் நன்கு நிறுவப்பட்டது.

யூலை நடுப்பகுதியில் அவர் எழுத்துப்பணியை முடித்துக்கொண்டார். யூலை 23 காலை உயிர் நீத்தார். இரு தொகுதிகளாக வந்த நூல் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. 1886இல் யூலியாவுக்குக் கிடைத்த முதற் காசோலையே இரண்டு இலட்சம் டொலர்.

கிறாண்ட் இறந்து ஒன்றரை ஆண்டில், 1887 சனவரியில், ஜேர்மன் முடிக்குரிய இளவரசர் பிரடெரிக்கின் குரல் கம்மத் தொடங்கியது. தந்தை முதலாம் வில்ஹெல்ம் தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருந்தார். தாராண்மைக் கருத்துடையவரும் விக்ரோறியா மகாராணியின் மருமகனுமான பிரடெரிக் எந்நாளும் அரியணை ஏறலாம் என்ற நிலையில், அவருடைய தொண்டை ஒருவருடைய தொண்டையாக மட்டும் இருக்க இயலாதுபோயிற்று. பேர்லின் பேராசிரியர் கேர்ஹார்ட் இடது குரல்நாணிற் சிறு வளர்ச்சியைக் கண்டு, மின்னாற் சூடேற்றிய கம்பியால் அதனைப் பன்முறை சுட்டார். அது மீண்டும் வளர்ந்தது. மே மாதத்திற் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்க்மன், அது புற்றுநோயே என ஐயுற்று, குரல்வளையை வெளியிலிருந்து பிளந்து அகற்றவேண்டும் என்றார்.

இங்கே ஒரு செய்தி நோக்கற்பாலது. நோயாளிக்கு அறிவியாமலே அவரை மயக்கி இச்சிகிச்சையைச் செய்ய வைத்தியர்கள் தீர்மானித்திருந்தனர் என்றும், தாம் தலையிட்டுப் பேரரசர் மூலம் அதனைத் தடுத்ததாகவும் பிஸ்மார்க் தம் நினைவுக் குறிப்புக்களிற் கூறுகின்றார். பிஸ்மார்க்கின் நினைவுக் குறிப்புக்கள் அவர் புகழுக்கு ஏற்றவாறு வளையக்கூடியவை. ஆகவே இதனை முற்றாக நம்பவேண்டியதில்லை. எனினும் அத்தகைய செய்தி அக்கால வாசகர்க்கு நம்பத்தகாததாய்த் தோன்றவில்லை என்பதே வரலாற்று மாணவர்க்குப் பயன் தருவது.

இலண்டனின் புகழ்பெற்ற தொண்டை நிபுணர் மொறெல் மக்கென்சி மே 20இல் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயரான இளவரசியே அவரை வரவழைத்துக் கணவரைக் கெடுத்தாள் எனப் பின்னாளில் ஜேர்மனியர் பழிகூறினர். அவரை அழைக்கும் யோசனையோ ஜேர்மன் வைத்தியரிடையே எழுந்தது. நுணுக்குக்காட்டிச் சான்றின்றிக் கத்தி வைக்கலாகாது என்றார் மக்கென்சி. அவர் கிள்ளியெடுத்த துண்டுகளை, நோயியலின் தந்தையெனப் போற்றப்படும் றூடொல்வ் விர்ஷோ ஆராய்ந்து புற்றுநோய்க் குறி காணவில்லை என அறிக்கை கொடுத்தார். அவ்வறிக்கை அத்துண்டுக்கே பொருந்துவது, தொண்டை முழுவதற்குமன்று. இவ்வேறுபாடு விர்ஷோவுக்கு நன்கு தெரியும். ஆனால் அரண்மனைக்கும் பத்திரிகைகளுக்கும் அது சென்றடைந்தபோது நோயின்மைக்குச் சான்றிதழாக மாறிவிட்டது. யூன் மாதம் மகாராணியின் பொன்விழா ஊர்வலத்திற் பிரடெரிக் வெண்ணிறச் சீருடையிற் குதிரைமீது சென்றார். செப்ரெம்பரில் மக்கென்சி சேர் பட்டம் பெற்றார்.

நவம்பரில், இத்தாலியின் சான் றெமோவில், புதிய வளர்ச்சியொன்று தெளிவாகத் தோன்றிற்று. அதனைக் கண்ட மக்கென்சியிடம் இது புற்றுநோயா எனப் பிரடெரிக்கும் கிறாண்டைப் போன்றே கேட்டார். அவ்வாறே தோன்றுகின்றது, ஆயினும் உறுதியாகக் கூற இயலாது என மக்கென்சி வருத்தத்தோடு விடையளித்தார். இளவரசர் அமைதியாக நன்றி கூறினார். தனிமையில், தமது பயங்கர நோயையும் நாட்டுக்குப் பயன்படக் கருதியிருந்தது வீணானதையும் எண்ணி மனைவியிடம் அழுதார் என அவள் தாய்க்கு எழுதிய கடிதத்தால் அறிகின்றோம். வைத்தியர்கள் குரல்வளை முழுவதையும் அகற்றும் சிகிச்சையை முன்வைத்தபோது, அதனை ஏலாதெனத் தாமே எழுதிக் கொடுத்தார். வியன்னாவில் பில்றொத் 1873இல் அச்சிகிச்சையை முதன்முதல் வெற்றிகரமாகச் செய்த நோயாளியும் நோய் திரும்பிச் சில மாதங்களில் இறந்திருந்தார்.

ஆனால் கிறாண்டுக்குக் கிட்டிய அந்த நான்கு மாதம் இவருக்குக் கிட்டவில்லை. வைத்தியர் கூடிய சில நாட்களுக்குள் நோயின் பெயர் பேர்லினில் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. முதிய பேரரசருக்குப் பதிலாகக் கையொப்பமிடும் அதிகாரம் தமது மூத்த மகன் வில்ஹெல்முக்கு வழங்கப்பட்டதைத் தந்தையாகிய பிரடெரிக் பின்னரே அறிந்தார். நோயாளி தம் செய்தியோடு என்ன செய்வதென்று எண்ணுமுன்னர் மற்றவர்கள் அதனைக்கொண்டு அரசியலை ஒழுங்குபடுத்திவிட்டனர். 1888 பெப்ரவரி 9இல் மூச்சுத்திணறலைப் போக்க வாதனாளி துளைக்கப்பட்டது. அத்தோடு பேச்சு நின்றது. மார்ச் 9இல் தந்தை இறக்க, பேசாத பேரரசராகப் பிரடெரிக் பேர்லின் திரும்பினார். தொண்ணூற்றொன்பது நாள் ஆண்டு, அந்நாட்களின் இறுதியிற் பிற்போக்காளரான உள்நாட்டமைச்சர் புற்காமரைப் பதவி நீக்கியதே குறிப்பிடத்தக்க அரசியற் செயலாக, யூன் 15இல் இறந்தார். மகனின் படையினர் அரண்மனையைச் சூழ்ந்து அவருடைய எழுத்துக்களைத் தேடினர்.

பிரேத பரிசோதனை புற்றுநோயை உறுதிசெய்தது. ஜேர்மன் வைத்தியர்கள் தம் அறிக்கையை அச்சிட்டனர். மக்கென்சி மறுப்பு நூல் எழுதினார். நோயாளியின் இரகசியங்களைச் சந்தைக்குக் கொணர்ந்ததற்காக இலண்டன் வைத்திய நிறுவனங்களின் கண்டனத்துக்கு ஆளானார். மே மாதச் சிகிச்சை நடந்திருந்தால் பிரடெரிக் பிழைத்து ஐரோப்பாவின் போக்கே மாறியிருக்கும் என்போர் பலர். அத்தகைய சிகிச்சைகளின் அக்காலப் பெறுபேறுகளைப் பார்க்கையில், அவர் மே மாதத்திலேயே மேசைமீது இறந்திருக்கவுங் கூடும். மக்கென்சியின் தவறான நம்பிக்கை ஒரு கோடையை அவருக்குக் கொடுத்தது என்பதையும் மறுத்தற்கில்லை. அக்கோடையைக் கொடுத்த நம்பிக்கையே, தம் நிலையறிந்து ஆயத்தஞ்செய்யும் ஆறு மாதத்தையும் பறித்துக்கொண்டது. இதில் எது பெரிது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கே இருந்தது. அவரிடம் எவரும் அதனைக் கேட்கவில்லை.

இவ்வுரிமை ஏற்கப்பட மேலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. 1961இல் சிக்காகோ வைத்தியசாலையொன்றின் வைத்தியர் 219 பேரிடம் டொனால்ட் ஓக்கன் நடத்திய ஆய்வில், தொண்ணூறு வீதமானோர் புற்றுநோயாளருக்கு அதனைத் தெரிவிப்பதில்லை என்றே கூறினர். 1979இல் வெளிவந்த, அதே வினாக்கொத்தைக் கொண்டு நடத்தப்பட்ட மற்றோர் அமெரிக்க ஆய்வில் தொண்ணூற்றேழு வீதமானோர் தெரிவிப்பதாகக் கூறினர். இரு பதினாண்டுகளுக்குள் ஒரு தொழிலின் வழக்கம் தலைகீழானது வியப்புக்குரியது. குணப்படுத்தும் வழிகள் பெருகியமை ஒரு காரணம். நோயாளியின் இசைவு விளக்கத்தின்பின் பெறப்படவேண்டும் என 1957 முதல் அமெரிக்க நீதிமன்றங்கள் வற்புறுத்தியமை மற்றொன்று. சிக்காகோவில் சாகும் நோயாளரோடு உரையாடி எலிசபெத் கியூப்ளர் றொஸ் 1969இல் வெளியிட்ட நூல், அவர்களுட் பலர் எவரும் சொல்லாமலே தம் நிலையை அறிந்திருந்தனர் எனக் காட்டிற்று. டக்ளசின் அறையிற் கிறாண்ட் அறிந்துகொண்டதும் அவ்வாறே.

எனினும் மாற்றம் எங்கும் ஒரே வேகத்தில் நிகழவில்லை. 1987 செப்ரெம்பரில் ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது, கணையத்தில் நாட்பட்ட அழற்சி என்றே மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. முன்சிறுகுடலில் இருந்தது புற்றுநோய் என்பதை அரண்மனை வெளியிட்டது, 1989 சனவரி 7இல் அவர் இறந்த பின்னரே.